பூக்குழியில் போன அப்பீல்

கல்யாணமான நாளிலிருந்து என் கணவரை ‘அவிய’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவிய வந்துட்டாவ, அவிய சாப்பிட்டாவ, அவியளுக்குக் கோவம் வந்துட்டு. தீர்ப்பு வந்த அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டை விட்டு வெளியே வந்து, ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அது தானாக ‘அவன்’ என்று ஆகிவிட்டது. நாக்குக்கு எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா. இங்கேயும் அவன்தான். மரியாதை எதிர்பார்க்கிறவர்கள் அவனுடைய பிளெக்ஸ் பேனரில் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. விவாகரத்து கிடைத்தது, எட்டு வயது மகள் என்னோடு இருக்கலாம் என்றும் ஆனது. ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் வந்து காலையில் அழைத்துப்போய்ப் பொழுது சாய்வதற்குள் கொண்டுவந்து விட வேண்டும். கோர்ட் வாசலில் அவன் வெள்ளை வேட்டி சட்டையில் நின்றான். பக்கத்தில் அதே வெள்ளையில் நாலைந்து பேர். என்னைப் பார்த்ததும் அவர்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னான்.

“எங்க வீட்டுப் பிள்ள எங்க வீட்டுக்குத்தான் வரும். மதுரைக்குப் போயி ஸ்டே வாங்கிட்டு வாரேன், பாரு.”

அவன் என்னிடம் பேசவில்லை, அந்த நாலு பேரிடம் பேசினான். குடும்பம் நடத்திய காலம் முழுக்க அப்படித்தான். குடிகாரன் இல்லை, ஒழுக்கம் கெட்டவனும் இல்லை. வ. புதுப்பட்டியில் நிலம் உண்டு, சொந்தமாக ஜேசிபி வைத்து வாடகைக்கு விடுகிறான். ஊரில் எந்தக் கல்யாணமானாலும் காதுகுத்தானாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான். மகளுக்கு டெங்கு வந்து ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் வீட்டுக் காதுகுத்திலோ மாலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். மறுநாள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வார்டை நிறைத்தான். கட்டிலைச் சுற்றி வெள்ளைச் சட்டைகள் நின்றதில் பிள்ளைக்குக் காற்று வரவில்லை. என் மேல் கை நீட்டியதும் உண்டு. அதையும் யாராவது இருக்கும்போதுதான் செய்வான். ஒருத்தரும் பார்க்காத இடத்தில் எதையும் செய்து அவனுக்குப் பழக்கமில்லை.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். என் வக்கீலம்மா, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அன்றைக்கே சொல்லிவிட்டார்.

“அப்பீலுக்குக் கெடு இருக்கும்மா. அதுக்குள்ள போட்டு ஸ்டே வாங்கிட்டாருன்னா பாப்பா விஷயம் மறுபடியும் மொதல்ல இருந்து. பாப்பாவக் கூப்பிட்டு விசாரிக்கவும் செய்வாங்க. கெடு தாண்டட்டும். அது வரைக்கும் நீ வாயத் தொறக்காத.”

விசாரிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். கேஸ் நடந்த நாளெல்லாம் பெரியவர்கள் மாற்றி மாற்றி என் மகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியா. எல்லாரும் அன்பாகத்தான் கேட்டார்கள். ஒருவர் சாக்லேட் கூடக் கொடுத்தார். அவள் பதில் சொல்லாமல் யூனிபாரம் சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்கு வந்தும் கடிப்பாள், தூக்கத்திலும் கடிப்பாள். அந்த வருஷம் தைத்த சட்டை ஒவ்வொன்றும் காலர் நைந்து நூல் நூலாகப் பிரிந்துபோனது. அந்தக் கேள்வியை இன்னொரு தடவை யாரும் அவளிடம் கேட்டுவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அவன் தோற்பது அதற்கு அப்புறம்தான், ஆனால் அதுவும் வேண்டியிருந்தது.

தீர்ப்பு வந்தது மாசிக் கடைசியில். கெடு பங்குனி முழுக்க ஓடியது. அந்தப் பங்குனியில் அவன் என்ன செய்தான் என்பது எனக்கு நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. நான் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பேக்கிங்கில் இருக்கிற பெண் ஒருத்திக்கு வ. புதுப்பட்டிதான் சொந்த ஊர். மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பே அவள் சேதியைத் திறந்துவிடுவாள்.

“அக்கா, பொங்கலுக்குச் சாட்டியாச்சு. இந்த வருசம் மொதப் பூ யாரு எறங்குறதுன்னு ஒரே சண்ட. உங்க வீட்டுக்காரரு விட மாட்டேங்காரு.”

“எங்க வீட்டுக்காரரு இல்லட்டி.”

“சரிக்கா, அவரு.”

அந்த ஊர் மாரியம்மன் கோவிலில் பங்குனிப் பொங்கலுக்குப் பூக்குழி இறங்குவார்கள். தணலில் முதலில் கால் வைக்கிறவனுக்குத்தான் பரிவட்டம், மாலை, மேளம். அது பங்காளிகளுக்குள் முறை வைத்து வருவது. அந்த வருஷம் இவன் முறையா, பெரிய வீட்டு முறையா என்று கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். ஒரு கூட்டம் இல்லை, கூட்டத்துக்கு மேல் கூட்டம். மகளை யார் வளர்ப்பது என்ற கேஸில் வாய்தாவுக்கு வாய்தா வராமல் இருந்தவன், யார் முதலில் நெருப்பில் இறங்குவது என்ற பஞ்சாயத்தில் ஒரு கூட்டத்தைக்கூட விடவில்லையாம். கடைசியில் ஜெயித்தும் விட்டான். கெடுவில் பாதி அதிலேயே கரைந்துபோயிருந்தது.

மீதிப் பாதிக்குக் காப்பு கட்டினான்.

காப்பு கட்டிவிட்டால் பொங்கல் முடிந்து மறுபூஜை ஆகிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. இதை எனக்கு விளக்கிச் சொன்னவர் அவனுடைய சித்தப்பா, எனக்குச் சின்ன மாமனார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் ஊரில் சட்டம் என்றால் அவர்தான். சர்வீஸ் காலத்தில் கைதிகளைக் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்த அனுபவத்தில் அவருக்குச் சட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துப்போக அவர்தான் காரில் வந்தார். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் முகம் சிவந்து நின்றார். பழைய மரியாதைக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“அவரு வரலியா மாமா?” என்று கேட்டேன். அவர் முன்னால் ‘அவன்’ வரவில்லை.

“அவன் எப்படித் தாயி வருவான்? காப்பு கட்டியிருக்காம்லா. எல்லையத் தாண்டப்படாது. கோர்ட்டுப் பேப்பரு கீப்பரு எதுலயும் கையெழுத்தும் போடப்படாது.”

கையெழுத்து விஷயம் அவராகச் சேர்த்துக்கொண்டது. அம்மன் அப்படி எதுவும் சொன்னதாக அந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குத்தான் பேசாமல் இருக்க முடியவில்லை. மோரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அப்பீலு நின்னு போச்சுன்னு சந்தோசப்பட்டுறாத. தீர்ப்பு நகலுக்கு நாங்க இன்னும் எழுதியே குடுக்கல. நகலு கையில வாங்குன அன்னையிலருந்துதான் நாளு ஓடும். வாங்கினாத்தான ஓடும்? பொங்கலு முடியட்டும், ஆற அமர வாங்குவோம். எம்புட்டு வருசம் கோர்ட்டுல நின்னவன் சொல்லுதேன்.”

“சரி மாமா,” என்றேன்.

மகளை ஏற்றிக்கொண்டு கார் தெரு திரும்பியதும் உள்ளே ஓடிப்போய் வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே செத்த நேரம் ஆனது.

“நகலுக்கு எழுதிக் குடுத்திருந்தா அதுக்கு ஆகுற நாளக் கழிச்சுக் குடுப்பாங்கம்மா. எழுதியே குடுக்கலன்னா எதக் கழிக்க? தீர்ப்பு சொன்ன அன்னையிலருந்து கடகடன்னு ஓடிக்கிட்டுல்லா இருக்கு. அந்தப் பெரியவருக்கு மோர் குடுத்தியா?”

“குடுத்தேன் மேடம்.”

“இன்னொரு டம்ளரு குடுத்திருக்கலாம்ல.”

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பங்குனி நன்றாகத்தான் போனது. வெயில் கொளுத்தியது, கம்பெனியில் கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்துபோய் இருந்தேன். பஸ் ஸ்டாப் பக்கம் பிளெக்ஸ் வைத்திருக்கிறார்கள் என்று பேக்கிங் பெண் போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். மேலே அம்மன் சின்னதாக. கீழே இவன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றான். ‘முதல் பூ இறங்கும் எங்கள் முதல்வனே’ என்று எழுதியிருந்தது. பொங்கல் தேதி, பூக்குழித் தேதி எல்லாம் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் படத்தை எனக்கும் அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது தெரியாது. பார்த்துச் சிரிக்கலாம் என்றுதான்.

பூக்குழி இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய முறை ஞாயிறு. சின்ன மாமனார் வந்தார், மகளை அனுப்பினேன். அனுப்பாமல் இருந்தால் அதையே சாக்காகப் பிடித்துக்கொள்வார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பாவாடையெல்லாம் மஞ்சள் தண்ணீர், தலைமுடியில் புகை வாசனை.

“என்னட்டி பாத்த?”

“கூழு குடிச்சேன்.”

“வேற?”

“ஒண்ணுமில்ல.”

குளிப்பாட்டிப் படுக்க வைத்தேன். அவள் அந்த வீட்டுக்குப் போய் வந்தால் எப்போதும் ஒன்றுமில்லைதான். இரண்டு வீட்டுக்கு நடுவில் வளர்கிற பிள்ளைகள் அந்த வார்த்தையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகின்றன.

மறுபூஜை முடிந்தது, காப்பு அவிழ்த்தார்கள். சித்திரை பிறந்தது, கெடு தாண்டியது. அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டு வரும் வழியில் மகளுக்குப் புது யூனிபாரத்துக்குத் துணி எடுத்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? அதற்கும் சில நாள் கழித்துத்தான் அவன் வெள்ளைச் சட்டைப் பரிவாரத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் ஆற அமர நகலுக்கு எழுதிக் கொடுத்தான். அது கைக்கு வந்ததும் மதுரைக்குக் கார் வைத்துக்கொண்டு போனார்கள். மதுரை வக்கீல் தேதியைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டாராம். சின்ன மாமனார் அசரவில்லை. முன்னெல்லாம் இப்படி இல்லை, இப்பச் சட்டத்தை மாத்திட்டானுவ என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்வி.

ஆடியில் எனக்கு மதுரையிலிருந்து நோட்டீஸ் வந்தது. தாமதத்தை மன்னித்து அப்பீலை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மனுப் போட்டிருந்தான். காரணம், அவனுக்கு மஞ்சள் காமாலை. பங்குனி மாதம் முழுவதும் படுத்த படுக்கையாகக் கிடந்தானாம், எழுந்து நடக்கவே முடியவில்லையாம். மனுவில் மஞ்சள் மட்டும்தான் நிஜம்.

வக்கீலம்மா படித்துவிட்டு முதலில் தலையில் அடித்துக்கொண்டார்.

“சாமிக்கு நேர்ந்திருந்தேன், வெவரம் தெரியாமப் போச்சுன்னு உண்மையச் சொல்லியிருந்தா கோர்ட்டு மன்னிச்சாலும் மன்னிச்சிருக்கும்மா. நெறைய மன்னிப்பாங்க. இப்படிப் பொய் சொல்லிட்டாரே.”

எப்படி உண்மையைச் சொல்வான்? சொன்னால், ஊருக்கே சட்டம் சொல்கிற வீட்டுக்குச் சட்டம் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு ஊர் முன்னால் தணலில் இறங்குவது அவனுக்குச் சுலபம். பிளெக்ஸ் போட்டோவைக் காட்டினேன். இது வரப்போகிறதைச் சொல்கிறது, வந்ததைக் காட்டுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லாமல் இருக்குமா? அவன் இறங்கினால் யாராவது படம் பிடிக்காமல் விடுவார்களா? மறுநாள் மத்தியானம் பேக்கிங் பெண் போனில் தேடி எடுத்தாள். உள்ளூர்ப் பையன்கள் நடத்துகிற சேனலில் பூக்குழி முழுவதும் தேதியோடு இருந்தது. இவன்தான் சொல்லிவைத்து எடுக்கச் சொல்லியிருப்பான். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

மஞ்சள் வேட்டி, கழுத்து நிறைய மாலை, கையில் வேப்பிலை. காமாலைக்காரன் கட்டுமஸ்தாக நின்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் துணி சுற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது மைக்கில் ஒருவர் பேச ஆரம்பித்தார். “தன் அன்பு மகள் வீடு வந்து சேர வேண்டும், வழக்கிலே வெற்றி கிடைக்க வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்து, நமது அண்ணன் அவர்கள் இதோ முதல் பூ இறங்குகிறார்கள்.”

எனக்குச் சிரிப்பு நின்றது. கேஸ் ஜெயிக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, அந்த நேர்த்திக்காகக் காப்புக் கட்டி, கட்டிய காப்புக்காகக் கேஸைக் கோட்டை விட்டிருக்கிறான். இப்படி ஒரு மடையனை எங்கே போய்த் தேடுவது? மதுரையில் கொடுக்க வேண்டிய மனுவை மாரியம்மனிடம் கொடுத்திருக்கிறான். இவனோடா இத்தனை வருஷம் ஒரு கூரையின் கீழ் இருந்தேன் என்று எனக்கு என் மேலேயே ஏளனமாக வந்தது.

அவன் இறங்கினான். ஓடவில்லை, நடந்தான். அந்தக் கரையில் பால் குழியில் கால் நனைத்து ஏறியதும் ஆட்கள் மாலையோடு சூழ்ந்தார்கள். அவன் யாரையும் பார்க்காமல் எதையோ தேடினான். கூட்டத்துக்குள்ளிருந்து என் மகள் ஓடி வந்தாள். மஞ்சள் தண்ணீர் பட்ட அதே பாவாடை. அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். முதுகு குலுங்கியது. மகள் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவன் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“அக்கா, பாப்பா,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். நான் போனை வாங்கி அணைத்தேன்.

சாயங்காலம் அதை என் போனில் ஏற்றி வாங்கிக்கொண்டு, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வக்கீலம்மாவிடம் காட்டினேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பூக்குழியில எறங்கி நடக்குறது மட்டும் போதும்மா. படுத்த படுக்கைன்னு சொன்னவரு நடக்காரு, அம்புட்டுதான் நமக்கு வேணும். மைக்குல சொல்றது வேண்டாம். பாப்பா வாரதும் வேண்டாம். அதப் பாத்தா கோர்ட்டுல பாப்பாவக் கூப்பிட்டுக் கேக்கணும்னு நெனச்சுருவாங்க.”

மறுபடி அந்தக் கேள்வி, மறுபடி காலர். நான் யோசிக்கவில்லை. போனில் நானே வெட்டினேன். முன்னால் மைக்கில் பேசுகிறது போனது, பின்னால் மகள் வருகிறது போனது. நடுவில் அவன் மட்டும் தணலில் நடந்தான். இரண்டு பக்கமும் விரலால் இழுத்துவிட்டால் போதும், வேலை அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முன்னால் மனு தள்ளுபடியானது. வக்கீலம்மா போனில் சொன்னபோது நான் கம்பெனி வாசலில் நின்றேன். இனி அவன் மேலே போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது என்றார். அவன் மேலே போகவில்லை. வெள்ளைச் சட்டைகளும் மெல்லக் கழன்றுகொண்டன, தோற்றவனோடு நின்று யார் போட்டோ எடுப்பார்கள்? சின்ன மாமனார் இப்போது கூட ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், சட்டம் மட்டும் பேசுவதில்லை. நான் மோர் கொடுப்பதில்லை. மகளின் சட்டைக் காலர்கள் எல்லாம் முழுசாக இருந்தன. துவைத்து மடிக்கும்போது ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

போன வாரம் சமையல் கட்டில் இருந்தேன். மகள் என் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“ம்மா, அப்பா பூக்குழி எறங்குறது உன் போன்லயும் இருக்கு.”

“ம்.”

“ஆனா இது சின்னதா இருக்கும்மா. அப்பா ஏறி வந்த பொறவு நான் ஓடுவேன்ல, அது இல்ல.”

“அம்புட்டுதான் எடுத்திருக்காங்க.”

“இல்லம்மா. அப்பா போன்ல முழுசா இருக்கு. எனக்கு வேண்டித்தான் எறங்குனாருன்னு மைக்குல சொல்லுவாங்க. அதும் இல்ல இதுல.”

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தீயைக் குறைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அவள் பதிலுக்காக நிற்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அதை மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கரை ஏறுகிற இடம் வந்ததும் படம் நின்றது. அவள் சட்டைக் காலரை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.